வுடன் டம்மி: எட்டு மாதம் அடித்தும் ஸ்பாரிங்கில் ஒன்றும் வரவில்லையே?

#1 · ஒற்றையடி

எல்லோருக்கும் வணக்கம். விங் சுன் என்ற சீனச் சண்டைக்கலையைப் பழக ஆரம்பித்து மூன்று வருடம் ஆகிறது. சியு நிம் தாவ், சம் கியூ என்ற முதல் இரண்டு வெறுங்கை வரிசைகளும் முடிந்து, எட்டு மாதத்துக்கு முன்னால்தான் ஆசிரியர் என்னை வுடன் டம்மியில் (கைகளும் காலும் பொருத்திய பயிற்சி மரக்கட்டை) கைவைக்க விட்டார். அன்றிலிருந்து தினமும் அரை மணி நேரம், விடாமல். டம்மி வரிசையின் 116 அசைவுகளில் முதல் நான்கு பகுதிகள் கண்ணை மூடிக்கொண்டே வரும். சத்தத்தை வைத்தே இன்று நான் எந்த மனநிலையில் இருக்கிறேன் என்று கூடத்தில் மற்றவர்கள் சொல்லிவிடுவார்கள்.

போன வாரம் வேறொரு இடத்தில் ஸ்பாரிங் (எதிராளியோடு பயிற்சிச் சண்டை) போனேன். எதிரே நின்றவர் குத்துச்சண்டை பழகத் தொடங்கி ஒரே ஒரு வருடம். முதல் ஜாப் (முன்னால் இருக்கும் கையால் விடும் நேர்க்குத்து) மூக்கில். இரண்டாவது ஜாப்பைத் தட்ட என் பாக் சாவ் (உள்ளங்கையால் தட்டிவிடும் தடுப்பு) போய்ச் சேர்வதற்குள் அவர் கை வீடு திரும்பிவிட்டது. மூன்றாவது மறுபடி அதே மூக்கில். இரண்டு ரவுண்டும் இல்லாத கையைத் தட்டிக்கொண்டிருந்தேன்.

தோற்றதில் வருத்தம் இல்லை. ஆனால் வீட்டுக்கு வந்து யோசித்தால், அந்த எட்டு மாதம் எங்கே போனது என்று தெரியவில்லை. இந்த மரக்கட்டையால் உண்மையில் என்ன பயன்? "மரபு, மரியாதை" என்கிற பதில் வேண்டாம். அது எனக்கும் தெரியும்.

#2 · ஜாப்கிராஸ்

பெயரிலேயே பதில் இருக்கிறதே சகோ. டம்மி.

கோபப்படாதீர்கள், விளையாட்டுக்குச் சொன்னேன். ஆனால் விஷயம் ஏறக்குறைய அதுதான். அந்தக் கட்டைக்கு மூன்று கைகள், மூன்றும் நீட்டியபடியே நிற்கும். குத்திவிட்டுக் கையை அந்தரத்தில் நிறுத்திவைக்கிற மனிதனை நீங்கள் எங்காவது பார்த்திருக்கிறீர்களா? ஜாப்பின் உயிரே அது திரும்பும் வேகத்தில்தான் இருக்கிறது. நீட்டிய கை நீட்டியபடியே இருக்கும் ஓர் உலகத்துக்காக எட்டு மாதம் தயாராகியிருக்கிறீர்கள். அந்த உலகத்தில் நீங்கள் நிச்சயம் ஜெயிப்பீர்கள்.

2017-இல் செங்டுவில் ஷூ சியாவோதோங் என்ற கலப்புச் சண்டை (MMA) வீரர் ஒரு தாய்ச்சி ஆசிரியரோடு மோதியதை எல்லோரும் வீடியோவில் பார்த்திருப்போம். அரை நிமிடம்கூட ஆகவில்லை. திருப்பி அடிக்காத எதிரியோடு வாழ்நாள் முழுக்கப் பழகினால் அதுதான் கதி.

#3 · வேடிக்கை

மூக்கு எப்படி இருக்கிறது? அதை இன்னும் யாரும் கேட்கவில்லையே.

#4 · முழங்கை

தம்பி ஒற்றையடி, உங்கள் கேள்வி சரியான கேள்வி. நான் இருபது வருடத்துக்கு மேலாக ஜோங் அடிக்கிறேன். (எங்கள் கூடத்தில் டம்மி என்று சொல்வதில்லை. முக் யான் ஜோங் என்ற காண்டோனியப் பெயரின் கடைசிச் சொல்லை மட்டும் வைத்து ஜோங். "மர ஆள் கம்பம்" என்று பொருள். ஜாப்கிராஸின் சிலேடைக்கு இடமில்லாமல் போகும் என்பது கூடுதல் வசதி.)

முதலில் ஜாப்கிராஸ் சொன்னதை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கட்டை கையை இழுக்காது. ஏமாற்றாது. நகராது. தலையே இல்லாததால் தலையை ஆட்டவும் ஆட்டாது. எப்போது அடி வரும் என்பதைக் கற்றுத்தர அதனால் முடியாது. நேரக் கணிப்பு உங்களுக்கு வரவில்லை என்றால், அது ஜோங்கில் கிடைக்காத சரக்கு. கிடைக்காத கடையில் எட்டு மாதம் வரிசையில் நின்றிருக்கிறீர்கள்.

அப்படியானால் அங்கே என்னதான் கிடைக்கும்? அதை எதிரி என்று நினைப்பதில்தான் குழப்பமே ஆரம்பிக்கிறது. எதிரி என்று பார்த்தால் உலகத்திலேயே மோசமான எதிரி அதுதான். அளவுகோல் என்று பாருங்கள், அப்போது பேச ஆரம்பிக்கும்.

ஒன்று சொல்கிறேன், இன்று இரவே சோதித்துப் பாருங்கள். உங்கள் ஜோங் இரண்டு குறுக்குச் சட்டங்களில் மாட்டியதுதானே? அந்தச் சட்டங்கள் வளைந்து கொடுக்கும்படி மெலிதாக இருக்கும். ஒரு பாக் சாவ் போடுங்கள். மரக்கை மட்டும் துளைக்குள் பக்கவாட்டில் கடகடவென்று ஆடினால், உங்கள் விசை கையோடு நின்றுவிட்டது. நீங்கள் கையைத் துரத்தியிருக்கிறீர்கள். முழு உடலும் சட்டத்தோடு ஒரு விரற்கடை பின்னால் போய்த் திரும்பினால், விசை கை வழியாக நடுக்கட்டைக்குப் போயிருக்கிறது. எதிராளியின் முதுகெலும்புக்குப் போக வேண்டிய விசை அது. இரண்டுக்கும் சத்தமே வேறு. முதலாவது கிலுகிலுப்பை மாதிரி இருக்கும். இரண்டாவது கதவைத் தட்டுவது போல, கனமாக, ஒரே தடவை.

எட்டு மாதமாக உங்கள் கூடத்தில் கேட்ட சத்தம் எது?

அந்த 2017 சண்டை பற்றியும் ஒரு வரி. அங்கே தோற்றது மரக்கட்டை அல்ல. ஸ்பாரிங்கே செய்யாமல் ஆசிரியர் ஆவதுதான் தோற்றது. அதில் எனக்கும் ஜாப்கிராஸுக்கும் சண்டையே இல்லை.

#5 · ஒற்றையடி

அண்ணா, கிலுகிலுப்பைதான். இப்போது போய்ப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். வேகமாக அடித்தால் கிலுகிலுப்பை, மெதுவாக அடித்தால் சில சமயம் மட்டும் அந்தக் கதவுச் சத்தம். எட்டு மாதமும் அந்தக் கடகடப்பை வேகம் என்று நினைத்திருக்கிறேன்.

மூக்கு பரவாயில்லை, நன்றி வேடிக்கை.

#6 · ஜாப்கிராஸ்

முழங்கை அண்ணன் நேர்மையாகப் பேசுகிறார், மறுக்கவில்லை. ஆனால் ஒரு கேள்வி. எங்கள் ஹெவி பேகும் (தொங்கவிட்ட குத்துமூட்டை) திருப்பி அடிக்காதுதான். ஆனாலும் மூன்று நிமிட ரவுண்டு ஆறு அடித்தால் மூச்சு வாங்கும், தோள் எரியும், முழு பலத்தோடு குத்தினால் மணிக்கட்டு எங்கே மடிகிறது என்று அதே இடத்தில் தெரியும். உடம்பு தேறும். உங்கள் கட்டையில் முழு பலத்தில் குத்த முடியுமா? குத்தினால் கை என்ன ஆகும்? முழு பலமும் இல்லை, மூச்சும் வாங்காது, நேரக் கணிப்பும் இல்லை என்றால், அளவுகோல் மட்டும்தானா இவ்வளவு பெரிய கட்டை?

#7 · முழங்கை

ஆமாம். அளவுகோல் மட்டும்தான். நான் அதைச் சிறியதாக நினைக்கவில்லை, நீங்கள் நினைக்கிறீர்கள், அவ்வளவே வித்தியாசம்.

பேக்கில் வரும் கெட்ட பழக்கங்கள் உங்களுக்கே தெரியும். குத்துவதற்குப் பதிலாகத் தள்ளுவது, குத்திவிட்டு நின்று ரசிப்பது, கை தாழ்வது. பேக் இதில் எதையும் கண்டுகொள்ளாது, எல்லாவற்றையும் வாங்கிக்கொள்ளும். ஜோங் அப்படி இல்லை. மேலே இரண்டு கை, நடுவில் வயிற்று உயரத்தில் ஒரு கை, கீழே முழங்கால் மடிந்த ஒரு கால். நான்கும் உங்கள் வழியில்தான் நிற்கும். நேராக நடந்து போனால் இடிக்கும். முழங்கையை வெளியே தூக்கினால் மேல்கையில் மாட்டும். கால்வாசிப் பாதம் கூடுதலாக நெருங்கினால் உங்கள் முழங்கை விலாவில் ஒட்டி மடங்கிவிடும், பலமே வராது. கால்வாசிப் பாதம் தள்ளி நின்றால் கை நீண்டு தோள் முன்னால் இழுபடும். நடுவில் இருக்கிற அந்தச் சின்ன இடைவெளியில் மட்டும்தான் எல்லாம் ஒன்றாகப் பொருந்தும். பாதத்தை அங்கே கொண்டுபோய் வைப்பதுதான் பயிற்சி. கைகளைப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் இதைக் கவனிக்கவே மாட்டார்கள்.

இன்னொரு விஷயம். சக மாணவரோடு பழகும்போது அவர் நம் தவற்றுக்கு ஏற்றபடி கொஞ்சம் வளைந்துகொடுத்துவிடுவார். பாவம், நண்பர். கட்டைக்கு அந்த இரக்கம் கிடையாது.

#8 · தச்சுப்பட்டறை

சண்டை பற்றி எனக்கு அதிகம் தெரியாது. ஆனால் இதுவரை ஏழு ஜோங் செய்து கொடுத்திருக்கிறேன், ஆகவே செய்பவன் பக்கத்திலிருந்து கொஞ்சம்.

முழங்கை ஐயா சொன்ன அந்தச் சட்டத்து வளைவு இந்தப் பொருளுக்குப் பிறவியிலேயே இருந்தது அல்ல. பழைய முறையில் கட்டையை நேராகத் தரையில் குழி தோண்டி நட்டுவிடுவார்கள். சீனாவின் ஃபோஷானிலிருந்து ஹாங்காங் போன விங் சுன் ஆசிரியர் இப் மான் 1950-களில் மாடிக் கட்டடங்களில் வகுப்பு நடத்த வேண்டியிருந்தது. மாடியில் எங்கே குழி தோண்டுவது? அதனால் இரண்டு சட்டங்களை ஊடுருவவிட்டுச் சுவரில் தொங்கவிட்டார்கள். இடம் இல்லாத கஷ்டத்தில் பிறந்ததுதான் அந்த ஸ்பிரிங் தன்மை. நட்ட கட்டையை "செத்த ஜோங்", தொங்குவதை "உயிருள்ள ஜோங்" என்பார்களாம். எனக்கு மிகவும் பிடித்த பெயர்கள்.

உடல் சுமார் 9 அங்குல விட்டம், 5 அடிக்குக் கொஞ்சம் முன்னே பின்னே. கெட்டி மரத்தில் செய்தால் 40 கிலோவைத் தாண்டும். கைகள் கடைசல் பிடித்தவை, முனையை நோக்கி மெலிந்து வரும். உள்ளே போகும் வால் மட்டும் சதுரம். மேல்கை இரண்டும் கொஞ்சம் விரிந்து நிற்பதால் வால்கள் உள்ளே ஒன்றையொன்று கடக்க வேண்டும். அதனால் ஒரு துளை இன்னொன்றைவிடச் சற்று உயரத்தில் இருக்கும். "ஏன் ஒரு கை மேலே இருக்கிறது, அளவு தப்பிவிட்டதா?" என்று வாங்குபவர்கள் எல்லோரும் கேட்பார்கள். தப்பவில்லை.

துளையில் கை இறுக்கமாக இருக்கக் கூடாது, கொஞ்சம் தளர்வு விட வேண்டும். பின்னால் ஆப்போ முளையோ வைத்தால் போதும். ஒருவர் சத்தம் பிடிக்காமல் துணியைச் சுற்றி இறுக்கிவிட்டார். ஆறு மாதத்தில் கையும் போச்சு, அவருக்கு முழங்கை வலியும் வந்தது.

மரம் வெடிப்பது பற்றியும் பலர் பயப்படுகிறார்கள். முழு மரத்தை அப்படியே உருளையாக எடுத்தால், நடுக்குருத்து உள்ளே இருக்கும்வரை வெடிக்கத்தான் செய்யும். வெளிப்பக்கம் முதலில் காய்ந்து சுருங்கும், உள்பக்கம் விடாது, கிழியாமல் என்ன செய்யும்? பின்பக்கம் நெடுக ஒரு கீறல் முன்கூட்டியே போட்டுவிட்டால் வெடிப்பு அங்கேயே போய் ஒதுங்கும். பலகைகளை ஒட்டி உருட்டினால் இந்தத் தொல்லை மிகக் குறைவு. அப்படிச் செய்தால் "அசல் இல்லை" என்று முகம் சுளிப்பவர்களும் உண்டு.

#9 · பழையகதை

மரத்தை அடித்துப் பழகுவது சீனர்களின் தனிச்சொத்து அல்ல என்பதையும் சொல்லிவைக்கிறேன். ரோமானியப் படையில் புதிதாகச் சேர்ந்தவனுக்குத் தரையில் நட்ட ஒரு கம்பம்தான் முதல் எதிரி. ஆறடி உயரம். 4-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ரோமானியப் படைமுறை பற்றி எழுதிய வெகெட்டியஸ் இதை விவரிக்கிறார். வழக்கமான எடையைப் போல இரண்டு மடங்கு கனத்தில் மரவாள், பின்னிய கேடயம். முகத்துக்கு ஒரு வீச்சு, விலாவுக்கு ஒரு குத்து, சட்டென்று குனிந்து காலுக்கு. இதில் அவர் வலியுறுத்துகிற விஷயத்தைப் பாருங்கள்: கம்பத்தைத் தாக்கும்போது தன் உடம்பில் எந்த இடமும் திறந்துபோகாமல் தாக்கப் பழக வேண்டும். கம்பம் திருப்பி அடிக்காது என்று அவருக்கும் தெரியும்! அப்படியிருந்தும் காவலைப் பற்றித்தான் பேசுகிறார்.

ஜப்பானில் சத்சுமாப் பகுதியின் ஜிகென்-ரியூ வாள்முறை இதற்கு நேர் எதிர்த் துருவம். நட்ட மரத்தை நீளமான தடியால் கத்திக்கொண்டே மாறி மாறி அடிப்பார்கள். காலையில் 3,000, மாலையில் 8,000 என்று ஒரு வழக்கு. அங்கே நுணுக்கத்தைவிட முதல் வெட்டிலேயே எல்லாவற்றையும் போட்டுவிடும் துணிச்சலுக்குத்தான் பயிற்சி. ஒகினாவா கராத்தேயின் மாகிவாரா வேறு வகை. அடிக்க அடிக்க வளையும் பலகை, முஷ்டியும் இடுப்பும் ஒன்றாகச் சேர்வதைச் சோதிக்க. சோய் லீ ஃபட் என்ற சீனச் சண்டைமுறையில் மணல்மூட்டையால் சமநிலைப்படுத்திய கை உள்ள ஜோங்கே இருக்கிறது. அடித்தால் கை இறங்கி மறுபடி மேலே வரும்.

எல்லாமே மரம்தான், ஆனால் ஒவ்வொன்றிடமும் கேட்கிற கேள்வி வேறு. "வுடன் டம்மியால் பயன் என்ன" என்று பொத்தாம் பொதுவாகக் கேட்டால் பதில் வராது.

#10 · தத்தாமி

ஜூடோக்காரன் ஒருவன் நடுவே. ஜப்பானிய ஜூடோ வீரர் கிமுரா மசாஹிகோ மரத்தில் பெல்ட்டைக் கட்டி ஓசோட்டோகாரி (காலை வெளியிலிருந்து வாரி வீழ்த்தும் எறி) பழகியது எங்கள் கூடங்களில் எல்லோரும் சொல்லும் கதை. மரத்தைத் தூக்கி எறிந்தவர் யாரும் இல்லை. அதனால்தான் அது பயிற்சி: எறிந்து முடிக்கிற அவசரம் இல்லாமல் நுழைவை மட்டும் திருத்தலாம். உச்சிகோமி என்று நாங்கள் தினமும் செய்வதும் அதுவே, ஆளை வைத்து. ஆனால் உச்சிகோமி மட்டும் செய்து ரந்தோரி (எதிர்க்கிற ஆளோடு பயிற்சிச் சண்டை) செய்யாதவனை எங்கள் கூடத்தில் யாரும் மதிப்பதில்லை. ஒற்றையடி, உங்களிடம் ரந்தோரிக்குச் சமமானது வாரத்துக்கு எத்தனை மணி நேரம்?

#11 · ஒற்றையடி

வாரத்துக்கு என்ன, மூன்று வருடத்தில் போன வாரம்தான் முதல் தடவை. சி சாவ் (இருவர் கைகளை ஒட்டிவைத்துச் செய்யும் பயிற்சி) நிறையச் செய்கிறோம், ஆனால் கை ஏற்கெனவே ஒட்டியிருக்கும் நிலையிலிருந்துதான் அது ஆரம்பிக்கும். தூரத்திலிருந்து ஒருவர் உள்ளே வருவதை எங்கள் கூடத்தில் தொட்டதே இல்லை. கேட்டால் "அதற்கு நேரம் வரும்" என்பார்கள்.

இன்னொன்று கேட்க வேண்டும். முன்கையை மரத்தில் அடித்து அடித்து இரும்பாக்க வேண்டும் என்று மூத்த மாணவர் ஒருவர் சொன்னார். நானும் செய்கிறேன். இப்போது சுண்டுவிரல் பக்கம் அடிக்கடி மரத்துப்போகிறது. இது நல்ல அறிகுறியா?

#12 · நரம்பும்எலும்பும்

இல்லவே இல்லை. இன்றோடு நிறுத்துங்கள்.

நான் பிசியோதெரபிஸ்ட், பொழுதுபோக்காகக் கராத்தே. "மரத்துப்போவது" என்ற சொல்லே மரத்திலிருந்து வந்ததுதான், ஆனால் மரத்தை அடித்துக் கையை மரமாக்க வேண்டும் என்று அதற்கு அர்த்தம் இல்லை. சுண்டுவிரல் பக்கம் உணர்வு போகிறதென்றால் அல்னர் நரம்பு தொந்தரவுபடுகிறது. முழங்கையின் உள்பக்கத்தில் அது தோலுக்கு வெகு அருகில் ஓடும். எங்காவது இடித்துக்கொண்டால் மின்சாரம் பாய்ந்ததுபோல இருக்குமே, அதே நரம்பு. மரத்துப்போவது தொடர்ந்தால் நேரில் மருத்துவரிடம் காட்டுங்கள், இணையத்தில் கேட்டுக்கொண்டிருக்காதீர்கள்.

எலும்பு சுமைக்கு ஏற்பத் தன்னைப் பலப்படுத்திக்கொள்ளும் என்பது உண்மை. ஜெர்மானிய அறுவை மருத்துவர் யூலியஸ் வோல்ஃப் 1892-இலேயே அதை விதியாக வகுத்தார். டென்னிஸ் வீரர்களுக்கு ராக்கெட் பிடிக்கும் கையின் எலும்பு மற்றக் கையைவிடத் தடித்திருக்கும். ஆனால் அந்த மாற்றத்துக்கு மாதங்கள், வருடங்கள் பிடிக்கும், நடுவில் ஓய்வும் வேண்டும். தசை அடிபட்டுக் கன்றிய இடத்திலேயே மறுபடி மறுபடி அடித்தால், சில சமயம் தசைக்குள்ளேயே சுண்ணாம்பு படிந்து எலும்பு மாதிரி கட்டியாகிவிடும். அது உறுதி அல்ல, வைத்தியம் தேவைப்படும் காயம். தீத் தா ஜாவ் என்ற சீன அடிகாயத் தைலம் தடவினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பி அதே கன்றலின் மேல் அடிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

தொழில் சாராத ஒரு குறிப்பு. பயிற்சி அறிவியலில் மூடிய திறன், திறந்த திறன் என்று பிரிப்பார்கள். பௌல்டன் 1957-இல் கொடுத்த பிரிவு. சூழல் மாறாமல், நாமே நேரத்தை முடிவு செய்தால் மூடியது. சூழல் மாறிக்கொண்டே இருந்து, அதற்கேற்ப நாம் முடிவெடுக்க வேண்டியிருந்தால் திறந்தது. ஜோங் மூடியது, ஜாப் திறந்தது. ஒன்றில் தேறியது மற்றொன்றுக்குத் தானாகத் தாவிப் போகாது. பாலம் நாம்தான் கட்ட வேண்டும்.

#13 · ஜாப்கிராஸ்

இந்த மூடியது, திறந்தது விஷயம் நான் சொல்ல நினைத்ததேதான், படித்தவர் அழகாகச் சொல்லிவிட்டார்.

முழங்கை அண்ணனிடம் கடைசியாக ஒன்று. கால் எங்கே வைக்கிறோம், முழங்கை எங்கே போகிறது என்பதெல்லாம் கண்ணாடி முன் ஷேடோ பாக்ஸிங் செய்தாலும் தெரியுமே? தரையில் ஒரு கோடு போட்டால் போதாதா?

#14 · முழங்கை

கண்ணாடியில் வடிவம் தெரியும், விசை தெரியாது. காற்றில் போடுகிற போங் சாவ் (முழங்கையைத் தூக்கி முன்கையைச் சரித்து வைக்கும் தடுப்பு) எல்லோருக்கும் அழகாகத்தான் வரும். அதே போங் சாவை மரக்கையில் வைத்து ஓர் அடி உள்ளே நகர்ந்து பாருங்கள். தோளை இறுக்கிவைத்திருந்தால் அழுத்தம் தோளில் வந்து உட்கார்ந்துகொள்ளும், முழங்கை மடிந்து தளர்ந்துபோகும். தோள் தளர்ந்திருந்தால் அழுத்தம் குதிகாலுக்கு இறங்கும். இந்த உணர்வைக் காற்றால் தர முடியாது. ஆள் தர முடியும், ஆனால் ஒரே அழுத்தத்தை ஒரே இடத்தில் இருநூறு தடவை தர ஆளுக்குப் பொறுமை இருக்காது.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன், தம்பிக்கு ஆறுதலாக இருக்கட்டும். முதல் ஐந்து வருடம் நானும் சத்தத்துக்கு அடிமை. முழு வரிசையும் எவ்வளவு சீக்கிரம் முடிக்கிறேன் என்று கடிகாரம் வைத்துப் பார்த்திருக்கிறேன். ஒரு நாள் வெளியூரிலிருந்து வந்த ஒரு பெரியவர் என் ஆட்டத்தைக் கடைசிவரை பார்த்துவிட்டு, ஜோங்கின் மேல்கை இரண்டையும் உருவிக் கீழே வைத்தார். "இப்போது ஆடு" என்றார். இரண்டாவது அசைவிலேயே முன்னால் தள்ளாடினேன். அதுவரை நான் மரக்கையைப் பிடித்துத் தொங்கித்தான் நின்றிருக்கிறேன், நின்றதே இல்லை! அவ்வளவு வெட்கம் வேறெந்த அடியிலும் எனக்கு வந்ததில்லை.

ஒற்றையடி செய்ய வேண்டியது, என் கணக்கில்: 116-ஐ மறந்துவிடுங்கள். எண்ணிக்கை வழிக்கு வழி மாறும், இப் மான் வழியிலேயே முன்பு 108 என்று இருந்ததாகச் சொல்வார்கள், அதில் ரகசியம் ஒன்றும் இல்லை. முதல் பகுதியை மட்டும் எடுங்கள். சுற்றிச் சாக்பீஸ் தூள் தூவி உங்கள் பாதம் எங்கெல்லாம் விழுகிறது என்று பாருங்கள். இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒரே தூரத்தில் விழுகிறதா? பத்து நிமிடம், மெதுவாக, கதவுச் சத்தம் மட்டும். பிறகு மிச்சம் இருபது நிமிடத்துக்கு ஒரு ஆளைப் பிடியுங்கள். அவர் ஜோங் மாதிரி கையை நீட்டி நிற்கட்டும். கொஞ்ச நேரம் கழித்து நினைத்தபோது கையை இழுக்கட்டும். அப்புறம் ஓரடி பின்னால் நின்று, உள்ளே வந்து நீட்டட்டும். கடைசியில் அந்தக் குத்துச்சண்டை நண்பரிடமே போய், ஜாப் மட்டும் போடச் சொல்லுங்கள். எட்டு மாதம் வீண் போனதா என்று அப்போது முடிவு செய்யலாம்.

#15 · ஜாப்கிராஸ்

கைகளை உருவிய அந்தப் பெரியவரை எனக்குப் பிடித்துவிட்டது. இந்தச் சோதனையை நான் பேக்கில் செய்ய முடியுமா என்று யோசிக்கிறேன். அதன் மேல் சாய்ந்துதான் நானும் மூன்றாவது ரவுண்டை ஓட்டுகிறேன்.

#16 · வேடிக்கை

ஜாப்கிராஸ் மனம் மாறுகிறார், யாராவது ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

#17 · ஒற்றையடி (மூன்று மாதம் கழித்து)

இழையை மறுபடி எழுப்புவதற்கு மன்னிக்கவும்.

முதலில் கை. மருத்துவரிடம் காட்டினேன், ஆறு வாரம் மரத்தைத் தொடக் கூடாது என்றார். அந்த ஆறு வாரமும் பாதம் மட்டும்தான், ஜோங்கைத் தொடாமல் சுற்றிச் சுற்றி. தூள் போட்டுப் பார்த்ததில், வலப்பக்கம் போகும்போது ஒழுங்காக விழும் பாதம் இடப்பக்கம் ஒவ்வொரு தடவையும் கிட்டத்தட்ட நான்கு விரல் வெளியே விழுந்தது. ஸ்பாரிங்கில் நான் மூக்கில் வாங்கியது எல்லாம் இடப்பக்கம் நகர்ந்தபோதுதான் என்று பிறகுதான் ஞாபகம் வந்தது. தற்செயலாகவும் இருக்கலாம்.

மேல்கைகளை உருவிவிட்டும் ஆடினேன். மூன்றாவது அசைவில் தள்ளாட்டம். அண்ணனைவிட ஒன்று கூடுதல்!

அந்தக் குத்துச்சண்டைக்காரர் நல்ல மனிதர். வாரம் இரண்டு நாள், பதினைந்து நிமிடம், ஜாப் மட்டும். முதல் மூன்று வாரம் பழைய கதையேதான். அப்புறம் ஒரு விஷயம் புரிந்தது. அவர் கையைத் தட்டப் போகிற வரைக்கும் நான் தாமதம்தான். கையை விட்டுவிட்டு, ஜோங்கில் நிற்கும் அந்த இடத்துக்குப் பாதத்தைக் கொண்டுபோனால், கை தானாக வழியில் வந்து மாட்டுகிறது. பத்தில் மூன்று தடவை. மிச்சம் ஏழு தடவை வாங்குகிறேன். முழு ஸ்பாரிங்கில் இன்னும் அவர்தான் மேலே, அதில் சந்தேகம் இல்லை. நான் உள்ளே வந்துவிட்டால் மட்டும் அவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அதை வெளியே காட்டிக்கொள்ள மாட்டார்.

கூடத்தில் ஆசிரியரிடம் ஸ்பாரிங் கேட்டேன். "நேரம் வரும்" என்றார். சரி, வரட்டும் என்று வாரம் இரண்டு நாள் வெளியே போகிறேன்.

தச்சுப்பட்டறை ஐயாவுக்கு ஒரு கேள்வி. இப்போது மெதுவாக அடிப்பதாலோ என்னவோ, கட்டை பின்னால் போகும்போது ஒரு கிரீச் சத்தம் கேட்கிறது. வேகமாக அடித்த காலத்தில் கேட்டதில்லை. மெழுகு தடவலாமா, அல்லது ஆப்பு தளர்ந்துவிட்டதா?

#18 · தச்சுப்பட்டறை

அப்போதும் இருந்திருக்கும், உங்கள் கடகடப்பில் கேட்டிருக்காது. சட்டம் கட்டைக்குள் நுழையும் துளையில் மரமும் மரமும் உரசுகிற சத்தம். சட்டத்தை உருவி, உரசித் தேய்ந்து பளபளப்பாகியிருக்கும் இடத்தில் மட்டும் மெழுகு தடவுங்கள், எண்ணெய் வேண்டாம். அதற்கு முன் விரலால் தடவிப் பாருங்கள், கீறல் ஏதாவது ஓடினால் சட்டத்தை மாற்றிவிட வேண்டும். சத்தம் மேல் சட்டத்திலா, கீழ்ச் சட்டத்திலா?

#19 · ஒற்றையடி

கீழ்ச் சட்டத்தில்தான். கீறல் இல்லை. மெழுகு தேடிக்கொண்டிருக்கிறேன்.